முகட்டில் கொட்டிய ம்

அருவியின் ஓசையைப் பின்தொடர்ந்து போனால் அருவியை அடைந்துவிடலாம் என்று இந்நாட்டில் படித்தவர்களும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இந்த நம்பிக்கையால் எத்தனை பேர் வழி தவறினார்கள் என்பதற்குப் புள்ளிவிவரம் கிடையாது. எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாமல் போனது நம் கல்வித்துறையின் மேல் படிந்த கறைகளில் ஒன்று. ஓசை நேர்வழியில் வருவதில்லை. பாறைச் சுவரில் மோதித் திரும்பும், காற்றடிக்கிற பக்கம் சாயும், பள்ளத்துக்குள் விழுந்து வேறொரு இடுக்கின் வழியாக எழுந்து வரும். முகட்டில் நின்றுகொண்டு அருவியைக் கேட்பதாக நினைப்பவன் பாதி நேரம் எதிர்மலையைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறான். முப்பத்தொரு வருடம் அரசுக் கல்லூரியில் புவியியல் நடத்தியவன் என்ற பொறுப்போடு இதையெல்லாம், கொல்லிமலையில் ஜீப் எங்களை இறக்கிவிட்ட மிளகுத்தோட்ட வேலியோரம் நின்று, என் மனைவி தையல்நாயகிக்கும் வழிகாட்ட வந்திருந்த அரப்புளிக்கும் எடுத்துச் சொன்னேன். அரப்புளிக்கு ஐம்பது வயதிருக்கும், முழங்கால் வரை மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் அரிவாள். கடைசி வரை மரியாதையாகக் கேட்டுவிட்டு, "அப்படீங்களா சார்? நாங்க சத்தத்த வச்சுத்தானுங்க போறது. இப்பவே கேக்குது பாருங்க" என்றார். தைலு தலையைச் சாய்த்துக் கண்ணை மூடி ஒரு நொடி நின்றாள். "ஆமாங்க, கேக்குது! சட்டியில எண்ண காயற மாதிரி" என்றாள். நானும் தலையைச் சாய்த்தேன், கண்ணை மூடினேன், ஒரு நொடிக்குப் பதில் இரண்டு நொடி நின்றேன், உவமை பொருத்தம்தான் என்பது போலத் தலையாட்டினேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை.

எதுவும் என்று சொல்வது துல்லியம் ஆகாது. சாவி கொடுக்கும் பழைய கைக்கடிகாரம் ஒன்று என்னிடம் இருக்கிறது. தைலு குளிக்கப் போயிருக்கும்போது அதை வைத்து நானே செய்த சோதனைகளின்படி, வலது காதில் ஒட்ட வைத்தாலும் அது ஓடுவது தெரியாது. இடது காதில் மூன்று விரல் தூரம் வரை தெரியும். ஆள் குரல் என்றால் இடப்பக்கம் ஒரு கை நீளம். காற்று அடித்தால் அதில் பாதி. இதெல்லாம் ஒரு வருடத்துக்குள் நடந்தது, மழை விடுவது மாதிரி, எப்போது விட்டது என்று சொல்ல முடியாமல். யாரிடமும் சொல்லவில்லை. மறைப்பது அவ்வளவு கடினமும் அல்ல. தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிறவர்களுடைய உச்சரிப்பு பொறுக்கவில்லை, அதனால் கீழே ஓடுகிற எழுத்தைப் படித்துக்கொள்கிறேன் என்றேன். என்னை அறிந்த எவரும் அதை ஒரு கணம்கூடச் சந்தேகிக்கவில்லை. யார் வந்தாலும் அவர்களுக்கு வலப்பக்கம் உட்கார்ந்துகொண்டேன். முக்கியமாக, நானே பேசினேன். பேசிக்கொண்டே இருப்பவனுக்குக் காது தேவைப்படுவதில்லை. எங்கள் கல்லூரியின் முதல்வர்கள் வரிசையாக நிரூபித்துவிட்டுப் போன உண்மை இது. தைலுவிடம் மட்டும் இந்த உபாயம் செல்லாது, ஏனென்றால் எங்கள் வீட்டில் பேசுகிறவள் அவள். நான் ம் கொட்டுகிறவன். கதை சொல்கிறவருக்கு எதிரில் ஒருவர் ம் கொட்டியாக வேண்டும், நிறுத்தினால் கதையும் நின்றுவிடும் என்பது நம் ஊரில் மூன்று வயதுக் குழந்தைக்குத் தெரியும். முப்பத்துமூன்று வருடமாகத் தைலு சொல்லிக்கொண்டிருக்கிறாள், நான் கொட்டிக்கொண்டிருக்கிறேன். இதில் காது நன்றாக இருந்த முப்பத்திரண்டு வருடத்தில் நான் எவ்வளவு கேட்டேன் என்று யாராவது தேர்வு வைத்தால் நான் தேறமாட்டேன். அப்போது காது கேட்டது, நான் கேட்கவில்லை. இப்போது கேட்க ஆசை, கேட்கவில்லை. ஒரே சொல்தான் இரண்டுக்கும். என் மாணவன் எவனாவது இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பேன்.

தோட்டம் முடிந்து பாதை முகட்டில் ஏறியதும் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடிந்தது. முன்னால் அரப்புளி, நடுவில் தைலு, கடைசியில் நான். வலப்பக்கம் சோலை, இடப்பக்கம் பள்ளம், பள்ளத்துக்கு அப்பால் துறையூர்ப் பக்கத்துச் சமவெளி, கட்டம் கட்டமாக, இப்போதுதான் இஸ்திரி போட்டு விரித்த மாதிரி. நாலு நாள் மழைக்குப் பிறகு வந்த வெயில். எலுமிச்சம்புல் காலில் உரசும்போதெல்லாம் வாசனை எழுந்தது. மூக்குக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை நன்றியோடு குறித்துக்கொண்டேன். மூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, கண்ணுக்குப் புரை எடுத்த பிறகு மூன்று மலைக்கு அப்பால் நிற்கிற ஒற்றைப் பலாமரம் தெரிகிறது, அறுபத்திரண்டு வயதில் ஒரு மனிதன் காலை எட்டு மணிக்குத் தன் சொந்தக் காலில் ஒரு முகட்டின் மேல் நடக்கிறான், யாரிடம் போய் இதற்கு ரசீது கொடுப்பது? ஆனால் காற்று. காற்று நேராகப் பள்ளத்திலிருந்து ஏறி வந்து, எனக்கு மிச்சம் இருந்த இடது காதுக்குள் புகுந்து குடித்தனம் நடத்தத் தொடங்கியது. தைலு பேசிக்கொண்டு போனாள். வேலியோரம் நிற்கும்போதே ஆரம்பித்த கதை, ஆத்தூர் ஃபிலோமினா வீட்டுக் கதை. ஃபிலோமினா தைலுவோடு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். அவள் பையனைப் பார்க்கத் தருமபுரியிலிருந்து பெண் வீட்டார் பெண்ணையும் கூட்டிக்கொண்டு காரில் வந்திருக்கிறார்கள். எல்லோரும் உள்ளே கேசரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஃபிலோமினா வீட்டுப் பூனை, நிறைமாதம், திறந்திருந்த கார்க் கதவு வழியாக ஏறி... அங்கேதான் முகடு வந்தது, காற்று வந்தது, கதை போனது. நான் ம் கொட்டினேன். கேட்காமல் எப்படிக் கொட்டுவது என்று யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை என்றாலும் சொல்லிவைக்கிறேன்: கொண்டையைப் பார்க்க வேண்டும். வாக்கியம் முடிகிற இடத்தில் தைலுவின் கொண்டை அரை அங்குலம் தாழும். ஆச்சரியமான விஷயம் என்றால் வலது கை மணிக்கட்டிலிருந்து வெளிப்பக்கம் திரும்பும், அப்போது ம்-ஐ நீட்ட வேண்டும். துக்கமான விஷயம் என்றால் நடை அரைக்கால் வேகம் குறையும், அப்போது அடித்தொண்டையிலிருந்து சுருக்கமாக ஒன்று. ஒரு வருடமாக அவளை நான் பின்னாலிருந்து வாசித்துக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு கவனமாக நான் எந்த நூலையும் வாசித்ததில்லை. அவளுடைய பிடரியில் வலப்பக்கம் எள்ளளவு மச்சம் ஒன்று இருப்பதைக் கல்யாணமாகி முப்பத்துமூன்றாவது வருடம், செவிடனான பிறகுதான் கண்டுபிடித்தேன். அதற்கும் நன்றி சொல்ல வேண்டும் போலிருக்கிறது, யாருக்கு என்றுதான் தெரியவில்லை.

அரப்புளி திரும்பினார். வாய் திறந்தது, கை வீசியது. தைலுவும் திரும்பினாள், அவள் வாயும் திறந்தது. அழகான இடம், நின்று பார்க்கச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். நின்றேன். சமவெளியைப் பார்த்துப் புன்னகை செய்தேன். அப்போது என் முதுகில், சட்டையைத் தாண்டி, சூடாக, ஈரமாக ஒரு மூச்சு. துள்ளிச் சோலைப் பக்கம் விழுந்தேன். ஒரு செவலை மாடு, கழுத்தில் தேங்காய் அளவுக்கு மணி, என்னை ஏமாற்றத்தோடு பார்த்துவிட்டுத் தாண்டிப் போனது. அதன் பின்னால் இன்னும் நாலு மாடு, ஒவ்வொன்றுக்கும் மணி. அரப்புளி ஓடிவந்து கையைப் பிடித்துத் தூக்கினார். அவர் எதிர்மலையில் இருப்பவனோடு பேசுகிற குரலில்தான் யாரோடும் பேசுவார், அதனால் அருகில் வந்தால் அவர் சொல்வது மட்டும் எனக்கு முழுசாகக் கேட்கும். "என்ன சார், இத்தன மணி அடிச்சுக்கிட்டு வருது, கோயில் மாடாட்டம் நீங்க நிக்கறீங்க!" என்றார். "பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். எந்தப் பக்கம் வழி விட்டா அதுக்கு வசதின்னு யோசிச்சேன்" என்றேன். "மாட்டுக்கா சார்?" "மாட்டுக்குத்தான்." அரப்புளி தைலுவைப் பார்த்தார். தைலு என் முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள். எக்ஸ்சேஞ்சில் இருபத்தாறு வருடம் இருந்தவள், பேச்சு நடுவில் அறுந்த லைனை மூச்சை வைத்தே கண்டுபிடிப்பாள் என்று அங்கே பெயர் எடுத்தவள், ஒன்றும் பேசாமல் முழங்கையைத் தட்டியது எனக்கு நிம்மதியாக இல்லை.

மறுபடி நடந்தோம். கொஞ்ச தூரத்துக்குக் கொண்டை அசையவில்லை. பேசவில்லை என்று அர்த்தம். பிறகு அவள் நின்றாள். திரும்பவில்லை. பள்ளத்தைப் பார்த்தபடி, புடவைத் தலைப்பைக் காற்றுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி நின்று, ஏதோ சொன்னாள். நீளமான வாக்கியம். நடுவில் ஒரு முறை தோள் ஏறி இறங்கியது. கொண்டை தாழ்ந்தது. கை திரும்பவில்லை. நடை ஏற்கனவே நின்றிருந்தது, அதனால் அதை வைத்து எதுவும் கணிக்க முடியவில்லை. நான் ம் என்றேன். நடுத்தரமான ஒன்று, எதற்கும் பொருந்துகிற மாதிரி. அவள் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது. ஒரு எட்டு வைத்து என் பக்கம் வந்து, அரப்புளி பார்த்துக்கொண்டிருக்க, என் கன்னத்தில் உள்ளங்கையை வைத்தாள். பிறகு எடுத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, முன்னைவிட வேகமாக நடந்தாள். முப்பத்துமூன்று வருடத்தில் அந்நியர் முன்னால் என் கன்னத்தைத் தொட்டதில்லை. ரயில்வே நிலையத்தில் வழியனுப்பும்போதுகூடத் தண்ணீர் பாட்டிலைத்தான் தொட்டுக் கொடுப்பாள்.

எதற்குச் சம்மதித்தேன்? முகடு இன்னும் ஒரு மைல் இருந்தது, அந்த ஒரு மைலும் இதுதான் ஓடியது. அவளுடைய அண்ணன் சிவலோகநாதன். மனைவி போன பிறகு மன்னார்குடியில் தனியாக இருக்கிறார், நம்மோடு வந்து இருக்கட்டுமா என்று தீபாவளிக்கு முன்பே லேசாக ஆரம்பித்தாள். அதுவாக இருந்தால் கன்னம் வரை வந்திருப்பாள். சிவலோகநாதன் காலை நான்கரைக்கு எழுந்து தேவாரம் பாடுவார், சுருதி சேராமல். சுருதி சேராதது எனக்கு இனிமேல் கேட்காது என்று நினைத்தபோது ஒரு கெட்ட சந்தோஷம் வந்தது, உடனே அதற்காக வெட்கம் வந்தது. அல்லது புனேயில் இருக்கிற மகள். வீட்டைப் பூட்டிவிட்டு அங்கேயே வந்துவிடுங்கள் என்று அவள் மாதம் தவறாமல் சொல்கிறாள். அதற்கு ம் சொல்லிவிட்டேனா? என் புத்தக அலமாரிகள் ஏழு. அல்லது உடல் தானம். போன வாரம் ஒரு படிவம் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. முகட்டில் நின்று, பள்ளத்தைப் பார்த்து, முதுகைக் காட்டிக் கேட்கிற கேள்வி அதுவாகத்தான் இருக்க வேண்டும். சரி, எடுத்துக்கொள்ளட்டும், காதை மட்டும் வைத்துப் பாடம் நடத்த வேண்டாம். ஒருவேளை அவளுக்கே ஏதாவது உடம்புக்கு? மார்பில் கட்டி? 'பயாப்ஸி பண்ணச் சொல்றாங்க, யாருக்கும் சொல்லாம வச்சிருந்தேன்' என்று அவள் சொல்ல, நான் ம் என்றேனா? இந்த இடத்தில் கால் இடறியது. அரப்புளி செதுக்கி வைத்திருந்த மண்படி காலைத் தாங்கியது. கேட்டுவிடலாம். 'என்ன சொன்னே, காத்துல சரியா விழல' என்றால் போதும், காற்றின் மேல் பழியைப் போடலாம், காற்று மறுக்காது. ஆனால் கன்னத்தில் கை வைத்தவளிடம் 'என்ன சொன்னே' என்று கேட்க முடியாது. அப்படிக் கேட்டால் அந்தக் கை எதன் மேல் வைக்கப்பட்டது? உண்மையைச் சொன்னால்? அங்கே போய் எண்ணம் முட்டியது, எப்போதும் முட்டுகிற அதே கல்லில்.

அப்பாவுக்கு அறுபத்தைந்தில் காது போனது. முதலில் எல்லோரும் கத்திப் பேசினோம். கத்துவது களைப்பான வேலை. கொஞ்ச நாளில், கத்திச் சொல்கிற அளவுக்கு இது தகுதியான விஷயமா என்று ஒவ்வொருவரும் எடை போட ஆரம்பித்தோம். பக்கத்து வீட்டு வம்பு தகுதி பெறவில்லை. பேருந்தில் நடந்த வேடிக்கை தகுதி பெறவில்லை. கடைசியில் சாப்பாடு, மாத்திரை, குளியல், மழை வருது உள்ள வாங்க, இந்த நாலுதான் மிஞ்சியது. அவரை யாரும் கைவிடவில்லை, வேளைக்கு எல்லாம் நடந்தது, ஏழு வருடம் அவர் அந்த நாலு செய்திக்குள் வாழ்ந்தார். ஒரு நாள் கூடத்தில் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அப்பா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், அவரும் சிரிக்கத் தயாராக உதட்டை வைத்துக்கொண்டு. "எதுக்குடா சிரிக்கறீங்க?" என்றார். நான் குனிந்து அவர் காதில் கத்தினேன்: "ஒண்ணுமில்லப்பா!" அவ்வளவுதான் கத்தினேன். எனக்குப் பயம் நிசப்தத்தைப் பற்றி அல்ல. நிசப்தம் நல்ல வாசகனுக்கு வசதி. தைலு எனக்குத் தேவையானதை மட்டும் சொல்ல ஆரம்பித்துவிடுவாள் என்பதுதான். கறிவேப்பிலைக்காரி என்ன சொன்னாள், பக்கத்து வீட்டுக் கோதை மாமியார் எந்தக் கடையில் ஏமாந்தாள், பூனை யார் காரில் ஏறியது என்று, எனக்கு எந்தப் பயனும் இல்லாத ஆயிரம் விஷயங்களை ஒரு பெண் முப்பத்துமூன்று வருடமாக என்னிடம் கொண்டுவந்து கொட்டியிருக்கிறாள், நான் அதைத் திண்ணென்று உட்கார்ந்து பத்திரிகைக்குப் பின்னாலிருந்து பெற்றுக்கொண்டிருக்கிறேன். அது நின்றால் வீட்டில் இருப்பது ஒரு பராமரிப்பாளரும் ஒரு கிழவனும். அதனால்தான் சொல்லவில்லை. அதனால்தான் கொண்டையைப் பார்த்து ம் கொட்டுகிறேன். கேட்காவிட்டாலும் பரவாயில்லை, அவள் நிறுத்தக்கூடாது.

பாதை முகட்டை விட்டு இறங்கியது. வேர்களைப் பிடித்து, பாறையில் உட்கார்ந்து நகர்ந்து, அரப்புளியின் தோளைத் தாங்கலாக வைத்து இறங்கினோம். பாதி இறக்கத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது, காதில் அல்ல. உள்ளங்காலில். பாறை மெல்ல அதிர்ந்தது. இன்னும் பத்தடி இறங்கியதும் முட்டியில், பிறகு விலா எலும்பில், மூடிய பெட்டியின் மேல் யாரோ விரலால் தட்டுகிற மாதிரி. புதர் விலகியது, எதிரே அருவி நின்றது. பெரிய அருவி அல்ல, முப்பதடி இருக்கும், மழைநீர் சேர்ந்து பழுப்பும் வெள்ளையுமாக. அதற்குக் கீழே ஒன்றிலிருந்து ஒன்றில் வழிகிற மூன்று பாறைக் குழிகள். இந்தக் குழிகளைத் தேவதைகள் குளிப்பதற்காகச் செதுக்கியதாகப் பேச்சு உண்டு. செதுக்கியது கூழாங்கல். சுழலில் மாட்டிக்கொண்ட ஒரு கல் வெளியேற வழியில்லாமல் சுற்றிச் சுற்றி, ஆயிரக்கணக்கான வருடம் ஒரே இடத்தைத் தேய்த்துத் தேய்த்து இவ்வளவு பெரிய கிண்ணம் ஆக்கியிருக்கிறது. வழக்கமாக இதைச் சொல்லியிருப்பேன். வாய் வரவில்லை. விலா எலும்பில் தட்டிக்கொண்டிருந்ததை இழக்க மனமில்லாமல் நின்றேன். அருவி எனக்குக் கேட்டது. காதைச் சுற்றிக்கொண்டு, உடம்பின் பின்வாசல் வழியாக, யாரையும் தகுதி கேட்காமல் உள்ளே வந்துவிட்டது. சட்டையைக் கழற்றிவிட்டு நடுக்கிண்ணத்தில் இறங்கி, குளிர் பல்லைக் கிட்ட வைக்கும் வரை உட்கார்ந்திருந்தேன். தைலு புடவையோடு வந்து பாறை விளிம்பில், காலைத் தண்ணீரில் விட்டு உட்கார்ந்தாள். முகம் மழைக்குப் பிந்தைய முகம். இப்போது சொல்லாவிட்டால் இறக்கத்தில் சொல்லமாட்டேன், வீட்டில் சொல்லவே மாட்டேன்.

"தைலு, ஒண்ணு சொல்லணும்!" என்றேன். அவள் கையைக் காதுக்குப் பின்னால் குவித்தாள். "என்னது?" வாய் அசைவில் தெரிந்தது. "ஒண்ணு சொல்லணும்!" அவள் அருவியைக் காட்டி, சிரித்து, "கேக்கலைங்க!" என்றாள். கேக்கலைங்க. எவ்வளவு சுலபமாகச் சொன்னாள்! வெட்கம் இல்லை, சோதனை இல்லை, கடிகாரம் இல்லை. காதில் விழவில்லை, விழவில்லை என்றாள், அவ்வளவுதான், வானம் இடிந்து தண்ணீரில் விழவில்லை. நான் தண்ணீரில் நடந்து போய் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "எனக்குக் காது கேக்கல!" என்று கத்தினேன். "இங்க யாருக்குங்க கேக்குது!" என்று அவள் குனிந்து என் இடது காதில் கத்தினாள். இடது காது என்பதை அப்போதும் நான் கவனிக்கவில்லை. "இங்க மட்டுமில்ல. வீட்டுலயும். ஒரு வருஷமா!" அவள் நிமிர்ந்து என்னை விநோதமாகப் பார்த்தாள். மறுபடி குனிந்தாள். "அதான் அங்கியே சொல்லிட்டீங்களே!"

"எங்க?"

"மேல. மாடு போனப்புறம். ஒரு வருஷமா உங்களுக்குக் காது கேக்கலதானே, எங்கிட்ட மறைச்சுக்கிட்டுத்தானே இருக்கீங்கன்னு கேட்டேன். ம்னீங்க. சண்ட போடுவீங்க, காத்து, பாறை, எதிரொலின்னு பாடம் எடுப்பீங்கன்னு நெனச்சுத்தான் மூஞ்சியப் பாக்காமக் கேட்டேன். டக்குனு ம்னுட்டீங்க. கல்யாணம் ஆன நாள்லேந்து நீங்க ஒரு விஷயத்த மறுபேச்சில்லாம ஒத்துக்கிட்டது இன்னைக்குத்தாங்க!"

மறுபடியும் அவள் கண் நிறைந்தது. நான் அவள் முழங்காலைப் பிடித்தபடி நின்றேன். சிவலோகநாதன், புனே, படிவம், கட்டி எல்லாம் ஒவ்வொன்றாகத் தண்ணீரோடு அடுத்த கிண்ணத்துக்கு வழிந்து போயின. கட்டி கடைசியில் போனது, அதற்குத்தான் மனம் கைகூப்பியது. இத்தோடு விட்டிருக்கலாம். உண்மையைச் சொன்னவன் என்று ஒரு பெண் என்னை நம்பிக் கண் கலங்கி உட்கார்ந்திருக்கிறாள், நான் செய்ய வேண்டியதெல்லாம் அடக்கமாகத் தலை குனிவது. ஆனால் ஒரு பிழை கண்ணெதிரே, மேற்கோள் குறிக்குள், என் பெயரில் நிற்கும்போது அதைத் திருத்தாமல் தாண்டிப் போக எனக்குப் பழக்கமில்லை. "தைலு, அந்த ம் கேட்டுச் சொன்னதில்ல!" என்றேன். "நீ கேட்டதே எனக்குக் கேக்கல. கொண்டையப் பாத்துச் சொன்னேன்!" அவளுக்குப் புரியச் சற்று நேரமானது. "கொண்டையா?" விளக்கினேன். கத்தி விளக்கினேன்: அரை அங்குலம், மணிக்கட்டு, அரைக்கால் வேகம், மூன்று வகை ம். இவ்வளவு நுட்பமான ஆய்வு முடிவை யாரும் இவ்வளவு உரக்க வெளியிட்டிருக்க மாட்டார்கள். அவள் கை தன்னையறியாமல் கொண்டையைத் தொட்டுப் பார்த்தது. "அப்ப நான் அழுதது?" "நீ எதுக்கு அழுதேன்னு தெரியாமத்தான் ஒரு மைல் நடந்து வந்தேன்!" அவள் காலால் தண்ணீரை ஓங்கி அடித்தாள். முகமெல்லாம் தண்ணீர். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். சிரிப்பா என்று சந்தேகம் வந்தது. தோளை வைத்துச் சிரிப்புதான் என்று தீர்மானித்தேன். "எதுக்குச் சிரிக்கறே?" என்று கேட்டேன். கேட்டபிறகுதான் அந்தக் கேள்வியை எங்கே கேட்டிருக்கிறேன் என்று தெரிந்தது.

அவள் விளிம்பிலிருந்து நழுவித் தண்ணீருக்குள் இறங்கினாள், புடவையோடு, செருப்போடு. என் தலையை இரண்டு கையாலும் பிடித்து இடப்பக்கம் திருப்பி, காதில் வாயை வைத்துக் கத்தினாள். "பூனைக் கதைய எங்க வரைக்கும் கேட்டீங்க?"

"கார்ல ஏறின வரைக்கும்."

"ஐயோ, அதுக்கப்புறந்தானே கதையே!"

"ஆமாங்க சார்!" என்றார் அரப்புளி, அருவியையும் தாண்டுகிற அந்த எதிர்மலைக் குரலில். அவர் மேல்கிண்ணத்தின் விளிம்பில் உட்கார்ந்து பீடியைக் காயவைத்துக்கொண்டிருந்தார். முகடு முழுக்க முன்னால் நடந்து, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். "தொப்பூர்க் கணவாயில குட்டி போட்டதுதானுங்க விசேஷமே. எனக்குமே அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சுங்கறது வெளங்கல, மாடு வந்து கெடுத்துப்புடுச்சு. சொல்லுங்கம்மா."

"வேணாம் தைலு, தொண்ட போயிடும். ஒண்ணுமில்லாத கத" என்றேன். கத்தவில்லை, சாதாரணமாகச் சொன்னேன், உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

"ஒண்ணுமில்லாத கததான். கேளுங்க" என்று ஆரம்பித்தாள். கார் தொப்பூர் ஏற்றத்தில் போகும்போது பின்சீட்டில் கீச்சென்று சத்தம் கேட்டது, பெண்ணின் அப்பா டயர் என்று நினைத்து இறங்கிப் பார்த்தது, மூன்று குட்டி, ஒன்று கறுப்பு, சகுனம் சரியில்லை என்று அத்தைக்காரி முறுக்கிக்கொண்டது, திருப்பி அனுப்பு என்று எல்லோரும் சொல்ல, அந்தப் பெண் பூனையை மடியில் வைத்துக்கொண்டு, இதை நான் இப்போது தரமாட்டேன், அந்த வீட்டுக்கு நான் வரும்போது இதுவும் என்னோடு வரும் என்று சொன்னது, அதைக் கேட்டு ஃபிலோமினா ஃபோனிலேயே அழுதது. நடுநடுவே கறிவேப்பிலைக்காரி வந்தாள், கோதை மாமியார் வந்தாள், அவர்களுக்கும் இந்தக் கதைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வரிசை தவறும்போது அரப்புளி மேலேயிருந்து திருத்தினார். தண்ணீர் தோளைத் தள்ளிக்கொண்டே இருந்தது. அவளுடைய ஈர முடி என் கன்னத்தில் ஒட்டியிருந்தது, வெந்நீர் மாதிரி மூச்சு காதுக்குள் இறங்கியது, ஒவ்வொரு சொல்லும் அருவியைப் பிளந்துகொண்டு வந்து சேர்ந்தது. கொண்டையைப் பார்க்கத் தேவை இருக்கவில்லை. முக்கால் மணி நேரம், தைலு ஒன்றையும் விடவில்லை, எடை போட்டு எதையும் கழிக்கவில்லை.

அன்று சாயங்காலம் ஜீப் எழுபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி முடிப்பதற்குள் அவளுக்குக் குரல் போய்விட்டது. திங்கட்கிழமை ராசிபுரத்தில் காது மூக்கு தொண்டை மருத்துவர் முதலில் அவளைத்தான் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொன்னார்.